அங்க பந்து, அங்க கோலி

1

நான் பம்பாய்க்கு வந்து இந்த மாதத்தோடு பதினைந்து வருஷம் முடிகிறது. அதையொட்டி ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லி, தென்காசியில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் கார்டு போட்டிருந்தார். லோக்கல் ரயில் நெரிசல், விடாத மழை, செம்பூரில் ஒண்டுக்குடித்தனம் என்று எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார். போன மாதம் வரை எனக்கும் அந்த எண்ணம்தான். இப்போது பேனாவை எடுத்தால் கோபம்தான் வருகிறது. அதனால் அதையே எழுதுகிறேன். வேண்டாமென்றால் அவர் போடாமல் விடட்டும்.

என் வேலை என்ன என்பது ஊரில் பலருக்கு இன்னும் பிடிபடவில்லை. "மண்டைக்குக் கரண்ட் வைக்கிற உத்தியோகம்" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அதைக் கேட்டு எனக்குப் பெண் கொடுக்கத் தயங்கியவர்கள் இரண்டு பேர். நான் யாருக்கும் கரண்ட் வைப்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஈ.ஈ.ஜி. எடுக்கிறேன். தலையை டேப்பால் அளந்து, பென்சிலால் புள்ளி குத்தி, இருபத்தொரு சின்ன உலோக வில்லைகளைப் பசை வைத்து ஒட்டுவேன். மூளை தன் பாட்டுக்கு வேலை செய்யும்போது எழும் மின்சாரம் எலும்பைத் தாண்டித் தோல்வரை கசிந்து வரும். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் சில பங்குதான் தேறும். அதை மிஷின் பெரிதாக்கிக் கொடுக்க, பதினாறு பேனாக்கள் ஓடும் காகிதத்தில் கோடு கோடாக எழுதிக்கொண்டு போகும். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. உள்ளே ஒன்றும் போவதில்லை, உள்ளிருந்து வருவதைப் பிடித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

நோயாளி செய்ய வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. அசையாமல் படுக்க வேண்டும். சொல்லும்போது கண்ணை மூடி, சொல்லும்போது திறக்க வேண்டும். கண்ணை மூடினால் பின்மண்டைப் பேனாக்களில் நொடிக்கு ஒன்பது, பத்து என்று சீரான சிற்றலை எழும். திறந்தால் அடங்கிவிடும். டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான். அது எழவில்லையென்றால் அவர் நெற்றி சுருங்கும்.

2

நோன்பு மாதம் முடிந்த வாரத்தில் ஒரு நாள். வெளியே பெஞ்சில் பன்னிரண்டு பேர். இரண்டு பேனாக்களில் மை அடைத்துக்கொண்டது. அடுத்த கேஸ் பேப்பரை எடுத்தேன். மைமூன் பீவி, வயது பத்தொன்பது, தாராவி. கூட வந்த கணவன் நல்ல பம்பாய் இந்தியில் விஷயத்தைச் சொன்னான். பெயர் பீர்முகம்மது, தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்றவள் மயங்கி விழுந்தாளாம், கைகால் இரண்டு வெட்டு வெட்டியதாம். வலிப்பா இல்லையா என்று பார்க்க அனுப்பியிருக்கிறார்கள்.

என் கண் பெயரோடு நின்றுவிட்டது. முஸ்லிம் பெயர், அப்படியானால் இந்தி. இதை யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்காமலே முடிவு செய்துவிட்டேன். கணவனை வெளியே உட்காரச் சொன்னேன். அந்தப் பெண் உள்ளங்கைக்குள் ஒரு சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். உலோகம் கூடாது, கொடு என்று இந்தியில் கேட்டேன். விழித்தாள். நானே விரலைப் பிரித்து எடுத்தேன். வலிப்புக்காரர் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. சாவியைப் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மிஷின் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தடுப்பில் ஒரு கண்ணாடி உண்டு. அதன்மேல் மருந்துக் கம்பெனி காலண்டரை யாரோ ஒட்டியிருந்தார்கள், அதைக் கிழிக்க எனக்கு அதுவரை கை வரவில்லை. அடைத்த பேனாவில் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டே, "ஆங்க் பந்த் கரோ" என்றேன். கண்ணை மூடு என்று அர்த்தம். முன்மண்டைப் பேனாக்கள் எகிறின. சத்தமாக மறுபடி சொன்னேன், இன்னும் எகிறின. "ஆங்க் கோலோ", கண்ணைத் திற, என்றேன். அதற்கும் அதே ஆட்டம். இருபது நிமிஷமும் இப்படியே போனது. அடம் பிடிக்கிற பெண் என்று முடிவு கட்டினேன். நான் சொன்ன நேரத்தையெல்லாம் காகிதத்தில் "கண் மூடியது", "கண் திறந்தது" என்று குறித்தேன். அவள் மூடினாளா என்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை. தலைப்பில் சிவப்பு மையால், நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று இங்கிலீஷில் எழுதி, பெரிய டாக்டர் மேஜையில் கட்டோடு கட்டாக வைத்தேன்.

பத்தாம் நாள் ஒரு வயதான அம்மாள் ஒரு சின்னப் பெண்ணை இழுத்துக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தாள். மாத்திரை தரும் கவுண்டரைத் தேடிக்கொண்டிருந்தார்கள் போல. நான் இந்தியில் வழி சொன்னேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாளின் காதோரம் சொன்னாள்.

"மாமி, இவுகதான் அன்னைக்குப் பந்து எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தவுக."

எனக்கு முதலில் உறைத்தது பேச்சுதான். எங்கள் பக்கத்துப் பேச்சு, கடையநல்லூரோ புளியங்குடியோ. எந்தப் பந்து என்று தமிழில் கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி தமிழாளா? ஒருக்கா அங்க பந்துன்னிய, ஒருக்கா அங்க கோலின்னிய. நானும் கூரைல பாத்தேன், செவுத்துல பாத்தேன், எங்கயும் காணல. காணலன்னு சொல்லவும் பயமா இருந்துச்சு. அதக் கண்டுபிடிக்காததுக்குத்தானா தலைல கோளாறுன்னு எழுதிட்டாவ?"

அந்த மைமூன் பீவிதான் இவள். ஆங்க் பந்த், அங்க பந்து. ஆங்க் கோலோ, அங்க கோலி. கண்விழியிலும் கொஞ்சம் மின்சாரம் உண்டு. விழி உருண்டால் முன்மண்டைப் பேனாக்களில் பெரிய மெதுவான அலை விழும். பந்தைத் தேடி இருபது நிமிஷம் விழியை உருட்டியிருக்கிறாள் அந்தப் பெண். அம்மாள் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். முன்மூளையில் மெதுவான அலைகள், கண் மூடியும் பின்மண்டை அலை எழவில்லை, வலிப்பு நோயோடு பொருந்துகிறது என்று டைப் அடித்திருந்தது.

அம்மாள், அவளுடைய மாமியார், ரிப்போர்ட்டைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நோயை மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்களாம். அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் பெண்ணைக் கடையநல்லூருக்கே அனுப்பப் போகிறார்களாம். ஜமாத்தில் கேட்டால் காட்ட இந்தப் பேப்பர் இருக்கிறது என்றாள். கல்யாணம் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

3

ஊரை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் குர்லாவில் வண்டி மாறும்போது பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்து என்னைக் குத்தியது. என் வகுப்பில் தமிழில் முதல் மார்க் காஜா மைதீனுக்குத்தான். பேச்சுப்போட்டியில் வருஷா வருஷம் அவன் கப் வாங்குவான், நான் கீழே உட்கார்ந்து கைதட்டுவேன். என் கட்டுரையில் அவன் பிழை திருத்தியிருக்கிறான். அவன் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே பேச்சு. அவர்கள் உம்மா என்பார்கள், நாங்கள் அம்மா என்போம், வித்தியாசம் அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், ஒரு மைமூன் பீவியைப் பார்த்ததும் இவளுக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு செய்கிறேன். பம்பாய் எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஏழாவது படிக்கும் மகள் வித்யா கேட்டுக்கொண்டிருந்தவள், "அங்க பந்து" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் அழுதுகொண்டே இந்தியில் ஏதோ சொன்னாள். தமிழில் அழு என்று கத்தினேன். என் மனைவி நிதானமாகத்தான் கேட்டாள்.

"பதினஞ்சு வருஷமா நீங்க வீட்டுக்குள்ள வந்ததும் லைட் பந்த் கரோ, குழாய மூட நல் பந்த் கரோன்னுதான சொல்றிய. அவ எங்க போய்க் கத்துக்குவா?"

இதை நான் எழுதுவதை வித்யா இப்போது எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி முதல் வரியில் "பம்பாய்க்கு" வரை வந்துவிட்டு, அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று போய்விட்டாள்.

4

மறுநாள் காலையில் பழைய காகிதக் கட்டைத் தேடியெடுத்துக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். வெளிநாட்டில் இந்த அலைகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, மூளையை வர்ணப் படமாக வரைந்துவிடுகிறார்களாம். எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று நுணுக்கமாகச் சிவப்பும் பச்சையுமாகக் காட்டுமாம். அந்த மிஷினை வாங்கித் தரச் சொல்லிப் பணக்காரர்களிடம் போட்டுக் காட்ட ஸ்லைடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே, ரெக்கார்டைப் படிப்பது டெக்னீஷியன் வேலை இல்லை என்றார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அன்றைக்கு இன்னும் நீண்டது. காகிதத்தை ஸ்லைடுகள் மேலேயே விரித்தேன். கண் மூடியது என்று நான் குறித்திருந்த இடத்தில் முன்மண்டைப் பேனாக்களில் கூராகச் சில மேடுகள் வரிசையாக இருந்தன. அவை இமைத்த அடையாளம்.

"மூடின கண்ணு இமைக்குமா சார்?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். படிக்கத் தெரியாதவர் இல்லை அவர். நூறு கட்டை அரைமணி நேரத்தில் தள்ளுகிறவர், அவ்வளவுதான். முதல் பக்கத்தில் என் சிவப்பு எழுத்தைத் தொட்டுக் காட்டி, இதை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். கண் மூடியது என்று குறித்தது யார்? அதுவும் நான்தான். அப்படியானால் பொய் ரெக்கார்டு கொடுத்தது நீ, என் ரிப்போர்ட்டில் தப்பில்லை என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி என்னைத் தின்றுகொண்டிருந்ததால்தான் மீதிப் பாதிக்காக அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

திரும்ப எடுக்க வேண்டுமானால் புது கேஸ் பேப்பர், புது டாக்டர் சீட்டு, அதன் பிறகு ஏழு வாரம் காத்திருப்பு. வெள்ளிக்கிழமைக்கு இருந்தது ஆறு நாள். உடனே எடுக்க ஒரே வழி, முதல் ரெக்கார்டு டெக்னீஷியன் பிழையால் செல்லாது என்று நான் கைப்பட எழுதிக் கொடுப்பது. அது ஆபீஸுக்குப் போகும், மெமோ வரும். சீனியர் டெக்னீஷியன் இன்டர்வியூ அடுத்த மாதம், பத்து வருஷமாக நான் காத்திருக்கும் இடம். அங்கேயே நின்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாயே என்று ஆபீஸ் கிளார்க் மராத்தியில் கேட்டுச் சிரித்தார். அவர்களிடமும் அந்தப் பழமொழி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

5

தாராவிக்குப் போனேன். பட்டறை இருக்கும் சந்தில் தோல் பசை நாற்றம் தலைக்கேறியது. பீர்முகம்மது தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் தமிழில் பேசியதும் அவனுக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்குத் தமிழ் தெரியாத மாதிரி ஏன் என்னோடு இந்தியில் பேசினீர்கள் என்று கேட்டான். நீயும்தான் இந்தியில் ஆரம்பித்தாய் என்றேன். ஆஸ்பத்திரியில் தமிழில் பேசினால் விரட்டுவார்கள் என்றான். அதுவும் நிஜம். நானே ஒன்றிரண்டு பேரை விரட்டியிருக்கிறேன்.

இரண்டாவது தரம் அழைத்து வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஒரு தடவை தலைக்குக் கரண்ட் வைத்ததே தெருவெல்லாம் பரவிவிட்டது, இரண்டாம் தடவை வைத்தால் பைத்தியம் என்றே முத்திரை குத்திவிடுவார்கள் என்றான். என் அம்மா பரப்பிய அதே பேச்சு தாராவிக்கும் வந்து சேர்ந்திருந்தது. கரண்ட் வைக்கவே இல்லை என்று நான் கத்த, அவன் திருப்பிக் கத்த, பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. கடைசியில், உன் தலையில் வைத்துப் பார், வலித்தால் என்னைச் செருப்பால் அடி என்றேன்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு வேளையில் வந்தான். அவன் தலை முழுக்க வில்லைகளை ஒட்டினேன். கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். கண்ணை மூடு என்று தமிழில் சொன்னேன். பின்மண்டை அலை அழகாக எழுந்தது. திற என்றேன், அடங்கியது. எப்போது வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். முடிந்துவிட்டது என்றேன். எழுந்து உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்தான். பசையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு அழைத்து வருகிறேன் என்று சொல்லிப் போனான்.

செவ்வாய்க்கிழமை தடுப்புக் கண்ணாடியை மறைத்த காலண்டரைக் கிழித்துப் போட்டேன். மைமூன் வந்து படுத்தாள். தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். பந்தும் இல்லை, கோலியும் இல்லை, நீ எதையும் தேட வேண்டாம் தாயி, கண்ணை மூடச் சொன்னால் மூடு, திறக்கச் சொன்னால் திற என்றேன். சரி என்றாள். பேனாக்கள் ஓடின. கண் மூடிய இடத்தில் மூடிய அலை, திறந்த இடத்தில் திறந்த அலை, முன்மண்டை அமைதியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் அடி காகிதம் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. உடனே கோபமும் வந்தது. எட்டு வார்த்தை தமிழில் முடிய வேண்டியது இது.

பெரிய டாக்டர் அன்றே பார்த்து எழுதினார். இயல்பான ரெக்கார்டு, வலிப்புக்கான அடையாளம் இல்லை. பழைய ரிப்போர்ட் ரத்து என்று முத்திரையும் போட்டுக் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்க்கவில்லை. மெமோ புதன்கிழமை வந்தது. இன்டர்வியூ பட்டியலில் என் பெயரை அடித்திருந்தார்கள்.

6

வியாழக்கிழமை நானே பேப்பரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை, மேலே ஒரு பரண். அதன் கீழே ஒரு டிரங்குப் பெட்டி கயிறு கட்டித் தயாராக நின்றது. பீர்முகம்மது வாசித்து அம்மாவுக்கு அர்த்தம் சொன்னான். அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு பேப்பரில் எது நிஜம் என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"மொதப் பேப்பருல இருக்கது ஒங்க மருமக தலைல உள்ள கோளாறு இல்ல, என் வாயில உள்ள கோளாறு. தமிழாள்னு தெரியாம இந்தில சொன்னேன், அவளுக்குப் புரியல. வேணும்னா ஜமாத்துல வந்து சொல்லுதேன்" என்றேன்.

வேண்டாம், அதெல்லாம் எதற்கு என்றாள் அம்மாள். மகனைப் பார்த்து, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று மட்டும் சொன்னாள். அவன் பட்டறைக்குப் போகிற வழியில் கொடுத்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினான். அம்மாள் எனக்கு டீ வாங்கி வரச் சந்துக்கு இறங்கினாள். மைமூன் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். ஆறு நாளாக மனதுக்குள் பேசிப் பார்த்த வார்த்தைகள், வாயில் வரும்போது கோணலாக வந்தன. ஏச வேண்டும் என்றால் ஏசிவிடு தாயி, உனக்குக் கோபம் இருக்கும், அதில் நியாயம் இருக்கிறது என்றேன். அவள் கயிற்றை விட்டுவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். மாமியார் சந்து முனையில் நின்றிருந்தாள். மைமூன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"கோவம் வயிறு முட்ட இருக்கு அண்ணாச்சி. ஒங்க மேலயும் இருக்கு. ஆனா தலைல ஒண்ணும் இல்லன்னு இப்பத்தான பேப்பர் வந்திருக்கு. நான் இன்னைக்கு ஒரு சத்தம் போட்டேன்னா, நாளைக்கே திருப்பி ஒங்ககிட்டதான் கூட்டிக்கிட்டு வருவாவ."